பக்கம் எங்கே போனது? வலைப்பூவில் 404 பிழையைச் சரி செய்வது எப்படி?

எனக்குத் தெரிந்த ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர், ஆறு ஆண்டுகளாகச் சொந்தமாக ஒரு வலைப்பூ நடத்தி வருகிறார். தன் ஊர்ப் பக்கத்து உழவர்களும் தச்சர்களும் புழங்கும் சொற்களைக் கேட்டுக் கேட்டு அதில் எழுதுகிறார். ஒரு நாள் காலையில் போன் செய்தார். "தம்பி, எல்லாம் போச்சு. எந்தக் கட்டுரையைத் திறந்தாலும் பக்கம் காணப்படவில்லை என்றே வருகிறது. மொத்தத்தையும் அழித்துவிட்டுப் புதிதாக வேர்ட்பிரஸ் போட்டுவிடலாம் என்று இருக்கிறேன்" என்றார்.

"சார், தயவு செய்து எதையும் அழித்துவிடாதீர்கள்" என்றேன். அவர் கட்டுரைகளை நேரடியாக வலைப்பூவிலேயே டைப் செய்பவர். வீட்டுக் கம்ப்யூட்டரில் நகல் கிடையாது. அந்தச் சொற்களைச் சொன்ன பெரியவர்களில் சிலர் இன்று இல்லை. அழித்திருந்தால் அவ்வளவும் போயிருக்கும். ஆனால் உண்மையில் ஒரு கட்டுரை கூடக் காணாமல் போகவில்லை. உங்களுக்கும் இந்த நிலை வரலாம் என்பதால் இதனை விரிவாகப் பார்ப்போம்.

404 என்றால் என்ன?

நாம் ஒரு முகவரியை டைப் செய்தவுடன், பிரவுசர் அந்தப் பக்கத்தைத் தரும்படி சர்வரிடம் கேட்கிறது. சர்வர் தன் பதிலுடன் மூன்று இலக்க எண் ஒன்றையும் அனுப்பும். 200 என்றால் பக்கம் கிடைத்தது. 301 என்றால் வேறு முகவரிக்கு நிரந்தரமாக மாறிவிட்டது. 403 என்றால் அனுமதி இல்லை. 500 என்றால் சர்வரிலேயே கோளாறு. 404 என்றால், நீங்கள் கேட்ட முகவரியில் எதுவும் இல்லை என்று பொருள். ஐரோப்பாவின் செர்ன் ஆய்வகத்தில் இருந்த 404-ஆம் எண் அறையால்தான் இந்த எண் வந்தது என்று ஒரு கதை உலவுகிறது. அது வெறும் கதைதான்.

ஆகவே 404 வந்தால் உங்கள் இணைய இணைப்பு வேலை செய்கிறது, ஏதோ ஒரு சர்வர் பதிலும் சொல்கிறது என்று புரிந்து கொள்ளலாம். சர்வரையே கண்டறிய முடியவில்லை என்று பிரவுசர் சொன்னால் அது வேறு பிரச்னை. அப்போது டொமைன் பெயர் காலாவதி ஆகிவிட்டதா என்று பார்க்க வேண்டும்.

இங்கே ஒன்றை நினைவில் வையுங்கள். வேர்ட்பிரஸ்ஸில் உங்கள் கட்டுரைகள் டேட்டாபேஸ் என்னும் தகவல் கிடங்கில் இருக்கின்றன. முகவரி என்பது அவற்றை அடையும் வழி மட்டுமே. வழி அடைபட்டாலும் 404 வரும். அதனால் வீடு இடிந்துவிட்டது என்று பொருள் இல்லை.

முதல் வேலை பேக் அப்

வேர்ட்பிரஸ்ஸில் டூல்ஸ் சென்று எக்ஸ்போர்ட் என்பதில் கிளிக் செய்யுங்கள். கட்டுரைகளும் வாசகர் கருத்துகளும் ஒரே பைலாக உங்கள் கம்ப்யூட்டரில் இறங்கும். படங்கள் இதில் அடங்காது; அவற்றைத் தனியே காப்பி செய்ய வேண்டும். பிளாக்கரில் செட்டிங்ஸ் பகுதியில் பேக் அப் வசதி இருக்கிறது. இதை முடித்த பிறகு மற்றதைத் தொடுங்கள்.

ஒரு பக்கமா, எல்லாப் பக்கங்களுமா?

பேக் அப் முடிந்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். நான்கைந்து கட்டுரைகளைத் திறந்து பாருங்கள்.

ஒரே ஒரு பக்கம் வரவில்லை என்றால், முகவரியைக் கவனமாகப் படியுங்கள். இமெயிலிலிருந்து காப்பி செய்யும்போது கடைசியில் ஒரு முற்றுப்புள்ளியோ அடைப்புக்குறியோ ஒட்டிக்கொண்டு வருவது உண்டு. அடுத்து, அந்தக் கட்டுரை டிராப்ட் நிலைக்குப் போய்விட்டதா, டிராஷ் பகுதியில் கிடக்கிறதா என்று பாருங்கள். வேர்ட்பிரஸ் டிராஷில் போட்டதைச் சாதாரணமாக 30 நாட்கள் வைத்திருந்து, பிறகுதான் நிரந்தரமாக நீக்கும்.

முதல் பக்கம் நன்றாக வருகிறது, கட்டுரைகள் மட்டும் ஒன்று கூடத் திறக்கவில்லை என்றால், பெரும்பாலும் பெர்மாலிங்க் கோளாறுதான். நம் ஆசிரியருக்கு நேர்ந்தது இதுவே.

பெர்மாலிங்க்கைச் சரி செய்ய

வேர்ட்பிரஸ் தளத்தில் செட்டிங்ஸ், பெர்மாலிங்க்ஸ் எனச் செல்லுங்கள். எந்த ஆப்ஷன் தேர்வாகி இருக்கிறது என்று ஒரு தாளில் குறித்துக் கொள்ளுங்கள். எதையும் மாற்றாமல், கீழே உள்ள சேவ் சேஞ்சஸ் பட்டனை மட்டும் அழுத்துங்கள். முகவரி விதிகளை வேர்ட்பிரஸ் புதிதாக எழுதிவிடும். பலருக்கு இத்துடன் பிரச்னை தீர்ந்துவிடும்.

தீரவில்லையா? பிளெய்ன் என்ற முதல் ஆப்ஷனைத் தேர்ந்தெடுத்து சேவ் செய்து பாருங்கள். இப்போது கட்டுரைகள் திறந்தால் அவை பத்திரமாக உள்ளன, முகவரி விதிதான் பழுது என்பது உறுதி. பார்த்தவுடன் பழைய ஆப்ஷனுக்கே திரும்பிவிடுங்கள். அந்தப் பக்கத்தின் அடியில் சில வரிகளைக் காட்டி, காப்பி செய்யும்படி வேர்ட்பிரஸ் கேட்டால், விதிகளைத் தானாக எழுத அதற்கு அனுமதி இல்லை என்று பொருள். அவ்வரிகளை எச்.டி.அக்சஸ் என்ற பைலில் நீங்களே ஒட்ட வேண்டும்.

அப்பாச்சி வகை சர்வர்களில் முகவரி விதிகள் இந்தப் பைலில்தான் இருக்கும். இதன் பெயர் ஒரு புள்ளியில் தொடங்கும். அப்படித் தொடங்கும் பைல்களைப் பல புரோகிராம்கள் மறைத்தே வைக்கும். ஆசிரியர் தன் தளத்தை வேறு சர்வருக்கு மாற்றியபோது கண்ணில் பட்ட பைல்களை எல்லாம் காப்பி செய்தார். கண்ணில் படாத இது பழைய இடத்திலேயே தங்கிவிட்டது. சேவ் சேஞ்சஸ் பட்டனை ஒருமுறை அழுத்தியதும் அந்தப் பைல் மீண்டும் உருவாகி, ஆறு ஆண்டுக் கட்டுரைகளும் வந்துவிட்டன. என்ஜின்எக்ஸ் வகை சர்வர் இந்தப் பைலைப் படிக்காது; அங்கே விதியைச் சேர்க்கும்படி சர்வர் நிறுவனத்தாரிடம் கேட்க வேண்டும்.

படங்கள் மட்டும் வரவில்லையா?

விண்டோஸில் பைல் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதினாலும் சிறிய எழுத்தில் எழுதினாலும் சாதாரணமாக ஒன்றுதான். லினக்ஸ் சர்வருக்கு அவை இரண்டும் வேறு வேறு பைல்கள். கேமராவிலிருந்து வரும் படத்தின் பெயரில் ஜேபிஜி என்பது பெரிய எழுத்தில் இருந்து, நீங்கள் கட்டுரையில் சிறிய எழுத்தில் குறிப்பிட்டால் 404 தான். பைல் பெயர்களை எப்போதும் சிறிய ஆங்கில எழுத்துகளில், இடைவெளி இல்லாமல் வைப்பது நல்லது.

தமிழ்த் தலைப்பில் ஒரு சிக்கல்

வேர்ட்பிரஸ் தலைப்பிலிருந்தே முகவரியை உருவாக்கும். யூனிகோடில் தமிழின் ஒவ்வொரு குறியீடும், முகவரிக்குள் போகும்போது ஒன்பது ஆங்கிலக் குறிகளாக நீளும். பொங்கல் என்ற சொல்லில் புள்ளிகளையும் துணைக் குறிகளையும் சேர்த்து 7 குறியீடுகள். முகவரியில் அது 63 குறிகள் ஆகிவிடும். வேர்ட்பிரஸ் இப்பகுதிக்குத் தருவதோ 200 குறிகள் மட்டுமே. நீளமான தலைப்பு பாதியில் வெட்டப்படும். இவ்வளவு நீண்ட முகவரியை இமெயிலில் அனுப்பும்போது உடைந்து போகவும் கூடும். உடைந்த முகவரியைக் கிளிக் செய்பவருக்குக் கிடைப்பது 404.

தலைப்பு தமிழிலேயே இருக்கட்டும். முகவரிக்கான பகுதியில் மட்டும், வெளியிடும் முன்பே, இரண்டு மூன்று சொற்களைச் சிறிய ஆங்கில எழுத்துகளில் கொடுத்துவிடுங்கள்.

முகவரியை மாற்றத்தான் வேண்டுமா?

வைய விரிவு வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ் லீ, நல்ல முகவரிகள் மாறுவதில்லை என்று 1998-லேயே எழுதினார். உங்கள் கட்டுரைக்கு யார் யார் இணைப்பு கொடுத்திருக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியாது. மாற்றியே ஆக வேண்டும் என்றால் பழைய முகவரிக்கு வருபவரைப் புதியதற்கு அனுப்ப 301 ஏற்பாடு செய்யுங்கள். வேர்ட்பிரஸ்ஸுக்கு ரீடைரக்ஷன் என்ற இலவச பிளக் இன் உள்ளது. பிளாக்கரில் செட்டிங்ஸ் பகுதியிலேயே கஸ்டம் ரீடைரக்ட்ஸ் வசதி உண்டு.

கட்டுரை உண்மையாகவே அழிந்திருந்தால், இன்டர்நெட் ஆர்க்கைவ் அமைப்பு 2001 முதல் பொதுமக்களுக்குத் தரும் வேபேக் மெஷினில் உங்கள் பழைய முகவரியைக் கொடுத்துத் தேடுங்கள். எல்லாப் பக்கங்களும் அங்கே இருக்கும் என்று சொல்ல முடியாது. இருந்தால் காப்பி எடுத்துக் கொள்ளலாம். கூகுள் தேடலில் முன்பு கிடைத்த கேச் நகலை இனி நம்ப முடியாது. 2024-ல் அந்த வசதி நீக்கப்பட்டுவிட்டது.

நம் ஆசிரியர் இப்போது ஒவ்வொரு மாதமும் முதல் தேதி எக்ஸ்போர்ட் செய்து, அந்தப் பைலை ஒரு பென் டிரைவில் வைக்கிறார். நீங்களும் இன்றே ஒருமுறை எக்ஸ்போர்ட் செய்துவிடுங்கள். கையில் நகல் இருந்தால் 404-ஐப் பார்த்துப் பதற்றப்பட மாட்டீர்கள். அவசரப்பட்டு எதையும் அழிக்கவும் மாட்டீர்கள்.