ஆறு நிறத்தில் ஒரு வானம்

குழந்தைகளே, கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். இப்போது நீங்கள் ஒரு போர் விமானத்தை ஓட்டும் விமானி. பயிற்சியை முடித்துவிட்டுத் தளத்துக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறீர்கள். மேலே பளீரென்று வெயில். கீழே பஞ்சுப் பொதிகளைப் பரப்பியதுபோல மேகம், தரையே தெரியவில்லை. எரிபொருளும் அளவாகத்தான் மிச்சம் இருக்கிறது. இங்கேயே இறங்குவதா, பக்கத்துத் தளத்துக்குத் திரும்புவதா? சட்டென்று முடிவெடுக்க வேண்டும்.

அப்போது காதில் மாட்டியிருக்கும் கருவியில் ஒரு சொல் வருகிறது: “பச்சை.”

அந்த ஒரு சொல்லில் மேகம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, எவ்வளவு தூரம் வரை கண்ணுக்குத் தெரியும் என்ற இரண்டு செய்திகளும் இருக்கின்றன. எப்படி?

ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கரையில் லாசிமவுத் என்று ஓர் ஊர். பிரிட்டிஷ் விமானப்படையின் பெரிய தளம் ஒன்று அங்கே இருக்கிறது. டைஃபூன் போர் விமானங்களும், கடலைக் கண்காணிக்கும் பொசைடன் விமானங்களும் அங்கிருந்து பறக்கின்றன. பொசைடனின் உடன்பிறப்பு ஒன்று தமிழ்நாட்டிலும் உண்டு. அரக்கோணத்தில் இருக்கும் இந்தியக் கடற்படையின் ராஜாளி தளத்திலிருந்து பறக்கும் பி-8ஐ விமானம்தான் அது.

பிரிட்டனின் ராணுவ விமானத் தளங்கள் தங்கள் வானிலையை நிறத்தால் சொல்கின்றன. மேகத்தின் அடிப்பகுதி 2,500 அடி உயரத்துக்குக் குறையாமல் இருந்து, 8 கிலோமீட்டர் தூரமாவது தெளிவாகத் தெரிந்தால் நீலம். மேகம் 1,500 அடி, பார்வை 5 கிலோமீட்டர் வரை இறங்கினால் வெள்ளை. 700 அடியும் 3.7 கிலோமீட்டரும் என்றால் பச்சை. 300 அடியும் 1.6 கிலோமீட்டரும் என்றால் மஞ்சள். 200 அடியும் 800 மீட்டரும் என்றால் செம்மஞ்சள். அதற்கும் கீழே போனால் சிவப்பு.

இதில் ஒரு விதி உண்டு. இரண்டில் எது மோசமோ அதுதான் நிறத்தை முடிவு செய்யும். மேகமே இல்லாத வானமாக இருந்தாலும், மூடுபனியால் 500 மீட்டருக்கு அப்பால் தெரியவில்லை என்றால் சிவப்புதான்.

சரி, மேகத்தின் உயரத்தை எப்படி அளப்பது? ஏணி போட முடியாது. நூல் கட்டவும் முடியாது. தரையில் இருக்கும் ஒரு கருவி நேர் மேலே லேசர் ஒளியை அனுப்பும். அது மேகத்தில் பட்டு, கொஞ்சம் திரும்பி வரும். ஒளி ஒரு நொடியில் சுமார் 3 லட்சம் கிலோமீட்டர் பாயும் என்பது நமக்குத் தெரியும். அப்படியென்றால் ஒரு நொடியைப் பத்து லட்சம் துண்டாக்கினால், ஒவ்வொரு துண்டிலும் அது 300 மீட்டர் போகும். போய்வர இரண்டு துண்டு நேரம் ஆனால், மேகம் 300 மீட்டர் உயரத்தில், அதாவது சுமார் 1,000 அடியில் இருக்கிறது. மேலே சொன்ன கணக்கில் இது என்ன நிறம்? நீங்களே பாருங்கள்.

லாசிமவுத் போன்ற கரையோரத் தளங்களில் நிறம் வேகமாக மாறிவிடும். வசந்தத்திலும் கோடையிலும் ஈரமான வெதுவெதுப்புக் காற்று, குளிர்ந்த வடகடலின் மேல் தவழ்ந்து வரும். குளிர்ந்த தண்ணீர் ஊற்றிய சொம்பின் வெளிப்புறம் வியர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதேபோல அந்தக் காற்றில் இருக்கும் நீராவி குளிர்ந்து, நுண்ணிய துளிகளாகி, மூடுபனி ஆகிவிடும். ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரை மக்கள் அதை ‘ஹார்’ என்று அழைக்கிறார்கள். காற்று கரைப்பக்கம் திரும்பினால் போதும், ஊருக்கு உள்ளே வெயில் அடிக்கும்போதே கரையை ஹார் மூடிவிடும். அதனால்தான் ராணுவ விமானிகள் மாற்றுத் தளத்துக்குப் போகத் தேவையான எரிபொருளையும் கணக்கில் வைத்துப் பறக்கிறார்கள்.

ஆறு நிறங்கள் போக, ஏழாவதாகக் கறுப்பும் உண்டு. மேகமும் பார்வையும் தவிர்த்த வேறு காரணத்தால் தளத்தைப் பயன்படுத்த முடியாதபோது கறுப்பு என்பார்கள். வானம் நீலமாகவே இருக்கலாம். ஓடுபாதையில் பனி உறைந்து கிடக்கலாம்.

விமானிக்கு வானம் பாதி, தரை மீதி. ஓடுபாதையில் தண்ணீர் தேங்கியிருந்தால், வேகமாக உருளும் சக்கரத்தின் முன்னே அது ஆப்புபோல நுழையும். சக்கரம் தரையை விட்டு எழும்பி, தண்ணீரின் மேலேயே வழுக்கிப் போகும். பிரேக் பிடித்தாலும் பலன் இருக்காது. இதைத் தடுக்கப் பல ஓடுபாதைகளில் குறுக்கே மெல்லிய பள்ளங்களைக் கீறி, தண்ணீர் ஓரமாக வடிய வழி செய்கிறார்கள்.

2021 நவம்பர் முதல் விமான நிலையங்களுக்கு ஒரு பொதுவான உலக அளவுகோல் வந்திருக்கிறது. ஓடுபாதையை மூன்று பங்காகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 6 முதல் 0 வரை மதிப்பெண் தருகிறார்கள். காய்ந்திருந்தால் 6. ஈரமாக இருந்தால் 5. தண்ணீர் 3 மில்லிமீட்டருக்கு மேல் தேங்கினால் ஒரேயடியாக 2! இரண்டு நாணயங்களை அடுக்கிப் பாருங்கள், ஏறத்தாழ அவ்வளவு உயரம்தான். ஈரப் பனிக்கட்டி என்றால் 0. அதில் இறங்கவே கூடாது.

காற்றும் முக்கியம். விமானம் எதிர்காற்றில்தான் ஏறவும் இறங்கவும் விரும்பும். எதிர்காற்று இருந்தால் தரையில் குறைந்த வேகமே போதும். லாசிமவுத்தில் ஓர் ஓடுபாதையின் இரு முனைகளுக்கும் 05, 23 என்று எண்கள் உண்டு. திசைகாட்டியில் 50 பாகை, 230 பாகை என்பதன் சுருக்கம் அது. காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறதோ, அதற்கேற்ற முனையைத் தேர்ந்தெடுப்பார்கள்.

இனி நீங்களும் ஒரு வானிலைப் பதிவாளர் ஆகலாம். மொட்டை மாடியில் நின்று, தூரத்தில் தெரியும் தண்ணீர்த் தொட்டி, கோபுரம், குன்று என்று நான்கைந்து அடையாளங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் எவ்வளவு தூரம் என்று பெரியவர்களின் துணையோடு வரைபடத்தில் பாருங்கள். தினமும் காலையில் கடைசியாக எது தெரிகிறது என்று பார்த்து, அந்தத் தூரத்துக்குரிய நிறத்தை நோட்டில் தீட்டுங்கள். வானத்தை எட்டுப் பங்காக மனதில் பிரித்து, அதில் எத்தனை பங்கை மேகம் மூடியிருக்கிறது என்றும் எழுதுங்கள். உண்மையான வானிலைப் பதிவாளர்களும் எட்டில்தான் கணக்கிடுகிறார்கள்.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள். குன்று மறைந்திருந்தால் மறைந்தது என்றே எழுதுங்கள்; நேற்றைய பக்கம் அழகாக இருக்கிறதே என்று இன்றைக்கும் நீலம் தீட்ட வேண்டாம். மேகத்துக்கு மேலே ஒருவர், உங்கள் நோட்டை நம்பி இறங்கக் காத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு எழுதுங்கள்.