துண்டு ஒழிந்தது, அச்சம்?

தெமோதரை நிலையத்திலிருந்து பதுளை நோக்கிப் புறப்படும் புகைவண்டி, மலையைச் சுற்றி வந்து, அந்நிலையத்தின் அடியிலேயே குகைவழி செல்லும். தோட்டத்துக் கடனும் இவ்வாறே நம் முன்னோரைச் சுற்றியது. கங்காணி தந்த முன்பணம் 'துண்டு' என்னும் சீட்டில் ஏறும். வேறு தோட்டம் அத்தொகையைச் செலுத்தினாலன்றித் தொழிலாளிக்கு விடுதலையில்லை. செலுத்தினாலோ, கடனும் உடன் வரும். 1921இல் சட்டம் துண்டை ஒழித்தது.

எனினும், சம்பளச் சீட்டிலுள்ள பிடித்தங்களைப் பற்றி வினவ இன்றும் சிலர் தயங்குவதேன்? கணக்குக் கேட்டால் பொல்லாப்பு என்ற பழைய அச்சம் நெஞ்சில் தங்கிவிட்டது.

ஆசிரியப் பெருமக்களே! துண்டின் வரலாற்றை வகுப்பில் சொல்லுங்கள். அக்கடன் பாட்டனாரின் குற்றமன்று என்பதைப் பிள்ளை உணரட்டும். பிறகு, தாயோடமர்ந்து சம்பளச் சீட்டைக் கூட்டிப் பார்க்கட்டும். கணக்குத் தெளிந்த வீட்டில் அச்சம் நெடுநாள் குடியிராது.