இட்லிக் கொப்பரையில் ஒரு இங்கிலீஷ் பாடம்

"வீட்டிலேயும் இங்கிலீஷிலேயே பேசுங்கம்மா, அப்பத்தான் தேறுவா" என்று டீச்சர் சொன்னதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கொடைக்கானல் மலையில் பிறந்து, தமிழிலேயே படித்தவள் நான். என் இங்கிலீஷ் மருந்துச் சீட்டைப் படிக்கக்கூடக் காணாது!

ஐந்தாம் வகுப்புக்கு என் மகளை இங்கிலீஷ் மீடியத்தில் மாற்றினோம். வீட்டில் வாயாடி, வகுப்பில் ஊமையாகிவிட்டாள். மார்க் குறையக் குறைய, "நான் மக்காம்மா?" என்று ஒருநாள் கேட்டே விட்டாள். அன்றிரவு எனக்குத் தூக்கமே இல்லை.

மறுநாள் காலை "கண்டென்சேஷன், கண்டென்சேஷன்" என்று உருப்போட்டுக் கொண்டிருந்தாள்.

"அப்படின்னா என்னடி?"

"தெரியாதும்மா. டெஸ்ட்ல வரும்."

பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பெண்ணிடம் அர்த்தம் கேட்டு வந்தேன். இட்லிக் கொப்பரையின் மூடியைத் திறந்து, உள்ளே துளித்துளியாய் நின்ற நீரைக் காட்டினேன். "ஆவி குளிர்ந்தா தண்ணியாகுது. ஏரி மேல நிக்கிற மூடுபனியும் இப்படித்தான்."

"அட, இதுதானா!" என்றாள். அவளுக்குத் தெரியாதது பாடமல்ல, வார்த்தைதான்.

கனடாவின் கல்வியாளர் ஜிம் கம்மின்ஸ், பேச்சு மொழி வேறு, பாட மொழி வேறு என்று 1979-ல் பிரித்துக் காட்டினார். புது மொழியில் பேசிப் பழக ஏறக்குறைய 2 வருஷம் போதும். பாடத்தில் மற்றவர்களை எட்டிப் பிடிக்க 5 வருஷமோ, அதற்கு மேலோ ஆகலாம். தாய்மொழியில் புரிந்த விஷயம் புது மொழிக்கும் கைகொடுக்கும் என்கிறார் அவர். 2009-ம் வருஷக் கல்வி உரிமைச் சட்டமும், முடிந்தவரை தாய்மொழியில் கற்பிக்கவே சொல்கிறது.

எங்கள் ஊரிலேயே 1901-ல் அமெரிக்க மிஷனரிகளின் பிள்ளைகளுக்காக ஒரு பள்ளி ஆரம்பித்தார்கள். இன்றைய கொடைக்கானல் இன்டர்நேஷனல் ஸ்கூல் அதுதான். அந்தப் பிள்ளைகளுக்கு வீட்டு மொழியே பாட மொழி. நம் பிள்ளைகளோ மொழியையும் பாடத்தையும் சேர்த்துச் சுமக்கிறார்கள். இதை மக்கு என்பதா?

நான் செய்வது இவ்வளவுதான்:

* நாளை நடக்கும் பாடத்தை இன்றே தமிழில் பேசிவிடுவோம்.
* தினம் 5 புது வார்த்தைகள்: படம், தமிழ் அர்த்தம், ஒரு சின்ன வாக்கியம்.
* விடையை முதலில் தமிழில் சொல்லி, பிறகு இங்கிலீஷில் சொல்வாள். தப்பாகச் சொன்னால் சிரிக்கமாட்டோம்.
* படுக்கும்முன் ஒரு தமிழ்க் கதை.

மார்க் ஒரேயடியாக ஏறிவிடவில்லை. ஆனால் இப்போது வகுப்பில் கை தூக்குகிறாளாம். "நான் மக்கா?" என்று அப்புறம் கேட்கவே இல்லை.

இங்கிலீஷ் தெரியாதே என்று ஒதுங்காதீர்கள், சகோதரிகளே. உங்களுக்குத் தெரிந்த தமிழே உங்கள் குழந்தைக்குப் போதிய துணை.