ரயிலில் நகரங்கள், காரில் குன்றுகள்

இத்தாலிக்குக் குடும்பத்தோடு போவதென்று முடிவானதும் வீட்டில் முதலில் கிளம்பும் விவாதம், ரயிலில் சுற்றுவதா, வாடகைக்குக் கார் எடுப்பதா என்பதுதான். பயணம் முழுமைக்கும் ஒரே விடை இருந்தாக வேண்டும் என்று நினைத்துக்கொண்டு விவாதிப்பதால்தான் அது முடிவதே இல்லை. அந்த நாட்டின் பழைய நகரங்களுக்குள் காருக்கு இடமில்லை. அதன் குன்றுப்புறக் கிராமங்கள் பலவற்றுக்கு ரயிலே கிடையாது. ஆகவே எந்த ஊரில் எத்தனை இரவு தங்குவது என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். அது தெரிந்துவிட்டால் எதில் போவது என்பது தானாகவே தெளிவாகும். முதல் முறை போகிற, குழந்தைகளும் வயதானவர்களும் சேர்ந்த குடும்பத்துக்கு நான் சொல்வது இதுதான். நகரத்திலிருந்து நகரத்துக்கு ரயிலில் போங்கள். கிராமப்புறத்துக்கென்று ஒதுக்கும் மூன்று நான்கு நாட்களுக்கு மட்டும் கார் எடுங்கள். அந்தக் காரையும் நகர மையத்துக்கு வெளியே எடுத்து, வெளியிலேயே திருப்பி விடுங்கள்.

இந்த யோசனைக்கு முதல் ஆதாரம் வரைபடத்திலேயே இருக்கிறது. மிலான், பொலோன்யா, ஃப்ளோரன்ஸ், ரோம், நேப்பிள்ஸ் ஆகிய ஐந்தும் ஒரே அதிவேக ரயில் தடத்தில் வரிசையாக அமைந்திருக்கின்றன. ரோமுக்கும் ஃப்ளோரன்ஸுக்கும் இடையிலான பாதையின் முதல் பகுதி 1977இல் திறக்கப்பட்டு, 1992இல் முழுமை பெற்றது. அப்பென்னைன் மலையைக் குடைந்து போட்ட பொலோன்யா–ஃப்ளோரன்ஸ் பாதை 2009இல் வந்தது. அதில் பெரும்பகுதி சுரங்கம்தான். இன்று மணிக்கு 300 கிலோமீட்டர் வரை ஓடும் ரயில்களில் ரோமிலிருந்து ஃப்ளோரன்ஸுக்கு ஒன்றரை மணி நேரம், நேப்பிள்ஸுக்கு ஒன்றேகால் மணி நேரம். ஃப்ளோரன்ஸிலிருந்து வெனிஸ் இரண்டேகால் மணி நேரத்தில் வந்துவிடுகிறது. காரில் ரோமிலிருந்து ஃப்ளோரன்ஸுக்கு மட்டுமே மூன்று மணி நேரமாகும். மிலான் வரை போவதென்றால் ஆறு மணி நேரம். ஆனால் வேகத்தைவிட முக்கியமானது, ரயில் கொண்டுபோய் இறக்கிவிடும் இடம். ஃப்ளோரன்ஸின் சாந்தா மரியா நொவெல்லா நிலையத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு நிமிடம் நடந்தால் செங்கல் குவிமாடம் கொண்ட பேராலயத்தின் முன் நிற்கலாம். வெனிஸில் சாந்தா லூச்சியா நிலையத்தின் வாசல் படிகளில் இறங்கினால் எதிரே பெருங்கால்வாய், படகுத்துறையும் அங்கேயே. காரில் வந்தவரோ தீவின் விளிம்பிலுள்ள பியாட்சாலே ரோமாவிலோ ட்ரொன்கெட்டோவிலோ வண்டியை நிறுத்த வேண்டும். அதற்கப்புறம் அவருக்கும் படகும் நடையும்தான். வெனிஸில் தங்கும் நாட்கள் முழுக்க, ஓடாத வண்டிக்கு வாடகையும், அது நிற்கும் இடத்துக்குக் கட்டணமும் கட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

மற்ற நகரங்களில் காருக்கு வரும் தொல்லை வேறு வகை. ரோம், ஃப்ளோரன்ஸ், பீசா, சியனா என்று ஏறக்குறைய எல்லாப் பழைய நகரங்களும் தங்கள் மையப் பகுதியைப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு வட்டாரமாக அறிவித்திருக்கின்றன. இசட்.டி.எல். என்று சுருக்கமாகக் குறிப்பிடுவார்கள். வட்டாரத்தின் நுழைவாயிலில் சிவப்பு வளையமிட்ட வெள்ளை வட்டப் பலகை ஒன்று இருக்கும். அதன் கீழே எந்த நாட்களில், எந்த நேரத்தில் தடை என்பது இத்தாலிய மொழியில் எழுதியிருக்கும். பக்கத்திலேயே ஒரு கேமரா. தடுப்புக் கட்டையோ காவலரோ பெரும்பாலும் இருக்க மாட்டார்கள். முன்னால் போகும் உள்ளூர்க்காரரின் வண்டியைப் பின்தொடர்ந்து போய்விடுவது மிக எளிது. அவரிடம் அனுமதி இருக்கும், நம்மிடம் இருக்காது. கேமராவைக் கடந்தால் அபராதம், அதுவும் 80 யூரோவுக்கு மேல். வாடகை நிறுவனம் ஓட்டியவரின் விவரத்தைக் காவல்துறைக்குக் கொடுத்துவிட்டு, அதற்கென்று ஒரு கட்டணத்தையும் நம் கிரெடிட் கார்டிலிருந்து எடுத்துக்கொள்ளும். வெளிநாட்டில் வசிப்பவருக்கு நோட்டீஸ் அனுப்ப இத்தாலியச் சட்டம் 360 நாள் அவகாசம் தருகிறது. அதனால் பயணமே மறந்துபோன ஒரு மாதத்தில் வீட்டுக்குக் கடிதம் வந்து சேரலாம். மையப் பகுதியில் அறை எடுத்திருந்தால், பல ஊர்களில் ஹோட்டல்காரர் நம் வண்டி எண்ணை நகராட்சியில் பதிந்து அனுமதி வாங்கித் தருவார். அதை முன்கூட்டியே கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். மிலானில் இதற்குப் பதிலாக, வார நாட்களில் மையத்துக்குள் நுழையக் கட்டணம் வசூலிக்கிறார்கள். இந்தக் கட்டுப்பாடுகளை நான் குறை சொல்லமாட்டேன். கல் பாவிய சந்துகளில் குழந்தைகளை நடக்கவிட்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டே போக முடிவது இவற்றால்தான்.

கார் வேண்டும் என்பவர்கள் பொதுவாகக் கணக்கில் சேர்க்காத ஒன்று உண்டு. குடும்பத்தில் ஒருவர் ஓட்டுநராகிவிடுகிறார். பக்கத்தில் இருப்பவர் போனைப் பார்த்து வழி சொல்பவராகிவிடுகிறார். மற்றவர்கள் திராட்சைத் தோட்டங்களைப் பார்க்கும்போது இவர்கள் இருவரும் பலகைகளைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இந்தியாவிலிருந்து போகிறவருக்குச் சாலையின் பக்கமே மாறிவிடுகிறது. ஸ்டியரிங் இடப்புறம், கியர் வலது கையில். விரைவுச்சாலையில் 130 கிலோமீட்டர் வேகத்தில் பின்னால் வருகிறவர் வழிகேட்டு விளக்கை அடித்துக்கொண்டிருப்பார். நம் ஓட்டுநர் உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் கட்டாயம்; அதைக் கிளம்புவதற்கு முன்பே நம் ஊர் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வாங்கிவிட வேண்டும். அங்கே வாடகைக் கார்கள் பெரும்பாலும் கியர் வண்டிகள். ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் முன்பே சொல்லிவைத்து, கூடுதலாகவும் கொடுக்க வேண்டியிருக்கும். 150 சென்டிமீட்டருக்குக் குறைவான உயரமுள்ள பிள்ளைகளுக்கு அவர்கள் உயரத்துக்கும் எடைக்கும் ஏற்ற இருக்கை சட்டப்படி தேவை. இவையெல்லாம் செய்ய முடியாதவை அல்ல. ஆனால் பத்துப் பன்னிரண்டு நாள் பயணத்தில் ஒவ்வொரு நாளும் ஒருவர் மேல் இந்தப் பாரத்தை ஏற்றுவது நியாயமில்லை.

நான்கு பேருக்கு ரயில் டிக்கெட் எடுத்தால் காரைவிடச் செலவாகுமே என்பது நியாயமான கேள்வி. கடைசி நேரத்தில் எடுத்தால் ஆகத்தான் செய்யும். அதிவேக ரயிலின் கட்டணம் விமானக் கட்டணம் மாதிரி ஏறிக்கொண்டே போகும். ஆனால் 2012இல் இட்டாலோ என்ற தனியார் ரயில் வந்ததிலிருந்து, அதுவும் அரசு நிறுவனமான ட்ரெனிடாலியாவும் ஒரே தடத்தில் போட்டி போடுகின்றன. வாரக்கணக்கில் முன்னதாக எடுப்பவருக்கு அதனால் நல்ல விலை கிடைக்கிறது. பெரியவர்களோடு வரும் பிள்ளைகளுக்குக் கட்டணமே இல்லாத குடும்பச் சலுகைகளும் இருக்கின்றன. அவற்றுக்கு ஒதுக்கிய இருக்கைகள் குறைவு என்பதால் சீக்கிரம் எடுக்க வேண்டும். எதிர்ப்பக்கம் காரின் கணக்கில் வாடகையோடு பெட்ரோல், சுங்கம், நகரத்தில் இரவு நிறுத்தும் கட்டணம், முழுக் காப்பீடு, ஓர் ஊரில் எடுத்து வேறு ஊரில் விடுவதற்கான கட்டணம் எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். கூட்டிப் பார்த்தால் பெரு நகரங்களுக்கு இடையே கார் மலிவு என்ற எண்ணம் பெரும்பாலும் நிற்காது. சிறு ஊர்களுக்குப் போகும் பிராந்திய ரயில்களில் கட்டணம் நிலையானது. அன்றைக்கே வாங்கினாலும் அதே விலை. காகித டிக்கெட்டாக இருந்தால் ஏறும் முன் நடைமேடையிலுள்ள இயந்திரத்தில் முத்திரை குத்த மறக்கக் கூடாது.

மூட்டை முடிச்சும் வயதானவர்களும் என்று சொல்லும்போதுதான் கார் கட்சியின் வாதம் வலுக்கிறது. ரயிலில் பெட்டியை நாமே ஏற்ற வேண்டும். அறிவிப்புப் பலகையில் ரயில் முடியும் ஊரின் பெயர்தான் முதலில் தெரியும். ரோமில் ஃப்ளோரன்ஸ் ரயிலைத் தேடினால் அது வெனிஸ் என்றோ மிலான் என்றோ இருக்கும். ஆகவே டிக்கெட்டிலுள்ள ரயில் எண்ணைத்தான் பார்க்க வேண்டும். நடைமேடை எண் பல நேரம் கடைசிப் பத்துப் பதினைந்து நிமிடத்தில்தான் வரும். முழங்கால் வலிக்காரருக்கு அந்த அவசரம் கடினம். இதற்கு மருந்து காரில் இல்லை, திட்டத்தில் இருக்கிறது. தங்கும் ஊர்களை மூன்றாகக் குறைத்தால் பெட்டி தூக்குவது இரண்டே முறைதான். ஃப்ளோரன்ஸில் நான்கு இரவு தங்கினால் பீசா, லுக்கா, அரெஸ்ஸோ, பொலோன்யா எல்லாவற்றுக்கும் கைவீசிக்கொண்டு ரயிலில் போய் மாலைக்குள் திரும்பலாம். போகும் ஊரின் மேடு பள்ளத்தையும் பார்த்துவைக்க வேண்டும். சிங்க்வே டெரேயின் ஐந்து கடலோரக் கிராமங்களுக்கும் ரயில் உண்டு. ஆனால் கோர்னீல்யாவில் நிலையத்திலிருந்து ஊருக்கு ஏற 380 படிக்கு மேல். பெரியவர்களோடு போனால் அதை விட்டுவிட்டு மொன்டெரோஸ்ஸோவில் இறங்கலாம்.

நினைத்த இடத்தில் நிறுத்தும் சுதந்திரம் வேண்டாமா என்று கேட்டால், வேண்டும் என்றுதான் சொல்வேன். அந்தச் சுதந்திரம் உண்மையில் கிடைக்கும் இடத்தில் காரை எடுங்கள். டஸ்கனியின் தெற்கே, யுனெஸ்கோ 2004இல் உலக மரபிடமாகச் சேர்த்த வால் டோர்ச்சா பள்ளத்தாக்கு அப்படிப்பட்டது. பியென்சா, மொன்டால்சினோ போன்ற குன்றூர்களுக்கிடையே பேருந்து குறைவு, தூரமும் குறைவு. வழியில் எங்கே நிறுத்தினாலும் காட்சி உண்டு. இங்கே ஒரு பண்ணை வீட்டில் மூன்று இரவு எடுத்தால் பிள்ளைகளுக்கு ஓடி விளையாட இடமும் கிடைக்கும். ஃப்ளோரன்ஸ் மையத்திலிருந்து டிராம் ஏறினால் விமான நிலையம் போய்விடலாம். அங்கே காரை எடுத்தால் நகரத்துக்குள் ஓட்டாமலே தெற்கே இறங்கிவிட முடியும். குன்றூர்களிலும் மதில் வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டு நடப்பதே வழக்கம். நீலக் கோடு போட்ட இடம் கட்டணத்துக்கு, வெள்ளை பொதுவாக இலவசம், மஞ்சள் நமக்கில்லை.

தெற்கே இன்னும் கீழே போனால் கணக்கு மாறும் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சிசிலிக்கு மெசினா நீரிணையில் ரயில் பெட்டிகளையே கப்பலில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். பிள்ளைகள் வாய் பிளந்து பார்ப்பார்கள். ஆனால் தீவின் உட்பகுதியில் ரயில் மெதுவானது, அரிதானது. அங்கே கார்தான் சரி. புலியாவின் கிராமப்புறத்துக்கும் அதுவே பொருந்தும். அமால்ஃபி கடற்கரையோ இரண்டுக்கும் ஒத்துவராத இடம். ரயில் கிடையாது, பாறையைச் செதுக்கிய ஒற்றைச் சாலையில் பேருந்தும் காரும் ஒன்றையொன்று உரசுமளவுக்கு நெருங்கிப் போகும். சலேர்னோ வரை ரயிலில் போய், கோடைக் காலத்தில் அங்கிருந்து படகு பிடிப்பதே குடும்பத்துக்கு நல்லது.

கடைசியாக வேலைநிறுத்தம். இத்தாலிய ரயில்வேயில் அது அடிக்கடி வரும். ரயிலை நம்பத் தயங்குபவர்கள் இதைத்தான் காட்டுவார்கள். ஆனால் அங்கே வேலைநிறுத்தத்தை முன்கூட்டியே அறிவித்தாக வேண்டும் என்பது 1990ஆம் ஆண்டுச் சட்டம். வார நாட்களில் காலை 6 முதல் 9 வரையும், மாலை 6 முதல் 9 வரையும் பிராந்திய ரயில்களில் அத்தியாவசியச் சேவை ஓடும். நீண்ட தூர ரயில்களிலும் ஓடுபவை எவை என்ற பட்டியல் வெளியாகும். ஆகவே ஊர் மாறும் நாளில் பிற்பகலுக்குப் பிறகு நுழைவுச்சீட்டு எதையும் முன்பதிவு செய்யாமல் விட்டுவைப்பதும், திரும்பும் விமானத்துக்கு முந்தைய இரவை அந்த விமானம் கிளம்பும் நகரத்திலேயே தங்குவதுமாகத் திட்டத்தைப் போட்டுக்கொள்ள வேண்டும்.