பிடித்த மீனைத் திருப்பி விடுகிறவர்கள்

இங்கிலாந்தின் ஆறுகளில் ரோச், சப், பார்பல், பிரீம் போன்ற மீன்களுக்குத் தூண்டில் போடுகிறவர்களில் பெரும்பாலோர் மீனை வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை. சால்மனும் டிரவுட்டும் நீங்கலான இந்த நன்னீர் மீன்களைப் பிடித்துப் பார்த்துவிட்டு மறுபடி ஆற்றிலேயே விடுவதுதான் ‘கோர்ஸ் ஃபிஷிங்’கின் வழக்கம். சட்டமும் அதற்கு அணைவாக இருக்கிறது. ஆற்றிலிருந்து ஒருவர் ஒரு நாளில் எடுத்துச்செல்லக்கூடியது 20 சென்டிமீட்டர் வரையுள்ள சிறுமீன்கள் 15, இன்னும் ஓரிரு வகைகளில் ஒன்றிரண்டு, அவ்வளவே. மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை, பெரும்பாலான மீன்கள் முட்டையிடும் பருவத்தில், ஆற்றில் இவற்றுக்குத் தூண்டில் போடவே கூடாது. உயிரோடு திரும்ப வேண்டிய மீனுக்கு எந்தத் தூண்டில் நரம்பு, எந்த முள், எந்த எடை என்பது வசதியைப் பொறுத்த கேள்வி அல்ல. கரையில் பக்கத்து ஆளிடம் காட்டும் மரியாதையைப் போலவே கருவித் தேர்வும் ஒழுக்கத்தைச் சேர்ந்தது என்பது என் வாதம்.

ஈயக்குண்டுகள் இதற்கு வலுவான சான்று. தக்கை நேராக நிற்க நரம்பில் பொருத்தும் இந்தச் சிறு குண்டுகள் கரையிலும் ஆற்றடியிலும் சிதறிக் கிடந்தன. இரையை அரைக்கக் கூழாங்கற்களை விழுங்கும் அன்னப்பறவைகள் இவற்றையும் சேர்த்து விழுங்கின. அரைவைப்பையில் தேய்ந்த ஈயம் ரத்தத்தில் கலந்தது. தசைகள் செயலிழந்து, உணவு கீழிறங்காமல் பறவைகள் பட்டினியில் செத்தன. தேம்ஸ் ஆற்றில் அவற்றின் எண்ணிக்கை சரிந்தது. 1987இல் 0.06 கிராமிலிருந்து 28.35 கிராம் வரையுள்ள ஈய எடைகளின் விற்பனை தடைசெய்யப்பட்டது. அதன்பின் அன்னங்கள் பெருகின. அந்தக் குண்டுகளைப் பயன்படுத்தியவர்களில் எத்தனையோ பேர் கரையில் கண்ணியமாக நடந்துகொண்டவர்கள்தான். கேடு அவர்களுடைய கருவிப்பெட்டிக்குள் இருந்தது.

நரம்பின் பலத்திலும் இதே கணக்குதான். மெல்லிய நரம்பில் பெரிய மீனை இழுப்பதே திறமை என்று சிலர் சொல்வார்கள். தடித்த நரம்பைக் கண்டால் மீன் கடிக்காது என்றும் சொல்வார்கள். ரோச்சுக்கு இரண்டு மூன்று பவுண்டு நரம்பு போதும் என்பது உண்மை. ஆனால் பார்பல் வேறு. வாயோரம் நான்கு மீசையுள்ள இந்தக் கெண்டையினத்து மீன் கடைசி மூச்சுவரை போராடும். நரம்பு மெலிந்தால் போராட்டம் நீளும். கோடையில் தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்திருக்கும்போது, களைத்த மீன் விட்டதும் நீந்திப்போவதுபோல் தோன்றிச் சற்றுத் தள்ளிச் சாகலாம். பத்துப் பவுண்டு நரம்பால் மீனை விரைவில் கரைசேர்ப்பதே கருணை. ஆற்றோட்டத்தை எதிர்நோக்கித் தலையை வைத்து, அது தானாகத் திமிறும்வரை தாங்கிப் பிடித்திருப்பதும் பிடித்தவரின் கடமை. மீனை ஈர்க்க இரை நிரப்பிய சிறு கூண்டை நரம்பில் இறுகக் கட்டுவது இன்னும் மோசம்: நரம்பு அறுந்தால் மீன் அதையும் இழுத்துக்கொண்டு நீர்ச்செடிகளில் சிக்கி அங்கேயே மாட்டிக்கொள்ளும். கூண்டு கழன்றுவிடும்படி கட்டுவதற்குத் தனியாகச் செலவு ஏதும் இல்லை.

கரை ஒழுக்கத்தைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். பக்கத்தில் உட்காருமுன் ஏற்கெனவே இருப்பவரிடம் கேட்க வேண்டும்; அவருடைய தக்கை மிதந்து போகும் தடத்தில் வீசக் கூடாது; மெல்ல நடக்க வேண்டும், ஏனெனில் மண்ணதிர்வை மீன்கள் உணர்கின்றன. மேய்ச்சல் நிலத்தின் படலை மூடிவிட்டுப் போக வேண்டும். அறுந்த நரம்பைத் துண்டுகூட விடாமல் பொறுக்கியெடுக்க வேண்டும்.

திருப்பி விடுவதானால் எதற்காகப் பிடித்துத் துன்புறுத்த வேண்டும் என்ற ஆட்சேபத்தைத் தட்டிக்கழிக்க முடியாது. 2003இல் லின் ஸ்னெடனும் சக ஆய்வாளர்களும் டிரவுட் மீனின் உதட்டில் அமிலம் செலுத்தியபோது அது உதட்டைச் சரளையில் தேய்த்தது, நெடுநேரம் இரை தொடவில்லை. மீனுக்கு வலிக்காது என்று இனி நிம்மதியாகச் சொல்ல இயலாது. ஆனால் எதிர்த்தட்டிலும் கனமான ஒன்று இருக்கிறது. 1950களின் தொடக்கத்தில் டெர்வென்ட் ஆற்றைக் கெடுத்த ஆலைமீதும், டெர்பி நகராட்சிமீதும், மின்வாரியத்தின்மீதும் வழக்குத் தொடுத்து வென்றது ஒரு தூண்டில்காரர் சங்கம். ஆற்றுக்காகக் கேட்க ஆள் இருந்தது, அதில் மீன் வேண்டும் என்பவர்கள் இருந்ததால். இந்த நன்மை வலியை அழித்துவிடாது. அதைக் குறைக்கும் பொறுப்பைக் கூட்டுகிறது. ஆகவே அனுமதிச்சீட்டு கையில் இருந்தாலும், வெயிலில் ஆறு வற்றிச் சூடேறிய நாட்களில் பார்பலுக்குத் தூண்டில் போடாமலிருப்பதே சரி.