இரு மழலைகளுடன் கோவா: கரையில் தேவை நான்கு கண்கள்

புது தில்லி: நவம்பர் பிறந்ததும் தில்லியின் காற்று மாசடைவதும், கைக்குழந்தை உள்ள வீடுகளில் சன்னல்கள் இறுக மூடப்படுவதும் ஆண்டுதோறும் காணும் காட்சி. 2024 நவம்பரில் பள்ளி வகுப்புகளை இணையவழிக்கு மாற்ற வேண்டிய அளவுக்கு நிலைமை முற்றியது. பள்ளி வயதை எட்டாத குழந்தைகளின் பெற்றோருக்கு அத்தகைய நாள்களில் ஒரு வசதி உண்டு. தேர்வு, விடுமுறைப் பட்டியல் எதற்கும் காத்திராமல் பெட்டியைக் கட்டிவிடலாம். அவ்வாறு புறப்படும் குடும்பங்கள் பல நாடிச் செல்லும் இடம் கோவா.

சிறு குழந்தைகள் பெற்றோருடன் ஒரே அறையில் தங்கினால் கட்டணம் இல்லை என்பது கடற்கரை விடுதிகள் பலவும் அளிக்கும் சலுகை. ஆனால், கட்டணம் செலுத்தாத அந்த இரு விருந்தினர்தான் விடுமுறையின் போக்கைத் தீர்மானிக்கின்றனர். ஒரு குழந்தை என்றால் தாயும் தந்தையும் முறை வைத்துக்கொண்டு இளைப்பாறலாம். ஒன்று தவழும் வயதிலும் மற்றொன்று ஓடும் வயதிலும் இருந்தால், நீர் அருகே இருக்கும் நேரம் முழுவதும் மாற்று ஆள் கிடையாது. கைப்பேசியில் ஆழ்ந்திருப்பவரை ஆள் கணக்கில் சேர்க்கவும் இயலாது.

பயணத்திலேயே இந்தக் கணக்கு தொடங்கிவிடுகிறது. ரயிலில் 5 வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கட்டணம் இல்லை. ஆனால் தனிப் படுக்கையும் இல்லை. முழுக் கட்டணம் செலுத்தினால்தான் படுக்கை. நிஜாமுதீனிலிருந்து மட்காவ் வரை ராஜதானியில் சென்றாலும் ஏறத்தாழ ஒரு நாள் பயணம். இரு படுக்கையில் நால்வர். தாயின் படுக்கையை ஒட்டிக் குழந்தைக்குச் சிறு படுக்கை பொருத்தும் ஏற்பாட்டை 2022 மே மாதம் லக்னெü மெயிலில் ரயில்வே சோதித்துப் பார்த்தது. கோவா செல்லும் குடும்பங்கள் அதை நம்பிப் புறப்பட முடியாது.

விமானத்தில் 2 வயதுக்குட்பட்ட குழந்தை பெற்றோர் மடியில் அமரலாம். 12 வயது வரையிலான குழந்தைகளுக்குப் பெற்றோரில் ஒருவருக்கேனும் அருகில் இருக்கை தர வேண்டும் என விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2024 ஏப்ரலில் உத்தரவிட்டது. இறங்கும் இடத்தையும் கவனிக்க வேண்டும். 2023 ஜனவரியில் செயல்படத் தொடங்கிய மோபா விமான நிலையம் மாநிலத்தின் வடகோடியில் உள்ளது. தென்கோடியில் உள்ள பாலோலெம் கடற்கரைக்கு அங்கிருந்து காரில் செல்ல இரண்டு மணி நேரத்துக்கும் மேலாகும். பசித்து அழும் குழந்தைகளுடன் அது நீண்ட நேரம். தெற்கே செல்வோருக்குப் பழைய டாபோலிம் நிலையமே அருகில்.

அமைதி காட்டும் நீர்: கோவாவின் கடற்கரைகளில் உயிர் காக்கும் பணி 2008 முதல் தனியார் நிறுவனம் ஒன்றிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளது. சிவப்புக் கொடி பறந்தால் நீரில் இறங்கக் கூடாது. சிவப்பும் மஞ்சளும் கலந்த இரு கொடிகளுக்கு இடைப்பட்ட பகுதி காவலர்களின் நேரடிக் கண்காணிப்பில் இருப்பது. ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மழைக்காலத்தில் விடுதிக் கட்டணம் குறைகிறது. கடலின் சீற்றமோ கூடுகிறது. அப்போது கடலில் இறங்க வேண்டாம் என்றே எச்சரிக்கப்படுகிறது.

நல்ல பருவத்திலும் பெற்றோரை ஏமாற்றும் ஓர் இடம் உண்டு. அலைகள் கரைக்குக் கொண்டுவந்து சேர்க்கும் நீர், மணல் திட்டுகளுக்கு இடையே உள்ள பள்ளத்தின் வழியே விரைவாகக் கடலுக்குத் திரும்பும். அந்த வழியில் அலைகள் அதிகம் உடைவதில்லை. இருபுறமும் வெண்ணுரை பொங்க, நடுவில் மட்டும் நீர் சாந்தமாகத் தோன்றும். குழந்தையின் காலை நனைக்க ஏற்ற இடம் இதுவே எனப் பெற்றோர் கருதுவது இயல்பு. உண்மையில் கடலுக்குள் இழுக்கும் நீரோட்டம் ஓடுவது அங்கேதான். காற்றடைத்த ரப்பர் வளையமும் காப்பாகாது. கோவாவில் காலை வேளைகளில் காற்று பெரும்பாலும் நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். இலேசான வளையத்தை அது சில நிமிடங்களில் எட்டாத தொலைவுக்குக் கொண்டுசென்றுவிடும்.

அலையே இல்லாத நீரிலும் ஆபத்து உண்டு. தவழும் குழந்தையின் தலை, உடலோடு ஒப்பிடுகையில் கனமானது. குப்புற விழுந்தால் ஒரு சாண் ஆழ நீரிலும் அதனால் முகத்தை உயர்த்த இயலாது. கூக்குரல் எழுப்பவும் மூச்சு இராது. பெரிய குழந்தை மணலில் தோண்டிய குழியில் தேங்கிய நீரும் இதற்குப் போதும். உலகில் நீரில் மூழ்கி இறப்போரில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் 5 வயதுக்குட்பட்ட குழந்தை என்கிறது உலக சுகாதார அமைப்பு 2024-இல் வெளியிட்ட அறிக்கை.

விடுதிக்குள்ளே: கடற்கரைக் காவலர்களின் பார்வை விடுதி வளாகத்துக்குள் எட்டாது. அங்குள்ள நீச்சல் குளத்துக்கு விடுதி நிர்வாகமே பொறுப்பு. எனவே அறையைப் பதிவு செய்யும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி காலைச் சிற்றுண்டி பற்றியது அல்ல. குளத்தைச் சுற்றித் தாழிடக்கூடிய வேலி உண்டா, எந்நேரம் முதல் எந்நேரம் வரை காவலர் இருப்பார் என்பதே. தரைத்தள அறையின் கதவு நேரே குளத்தங்கரையில் திறந்தால் அது பெரியவர்களுக்கு அழகு. நடக்கப் பழகும் குழந்தை உள்ள வீட்டாருக்கு உறக்கமில்லை. மாடி அறை என்றால் பால்கனிக் கம்பிகளின் இடைவெளியைப் பார்த்துவிட வேண்டும்.

வெயிலுக்கு எளிய வழி நிழல். ஆறு மாதம் நிறையாத குழந்தைக்கு வெயில் காப்புக் களிம்பைப் பூசுவதைவிட நேரடி வெயிலில் காட்டாமல் இருப்பதே குழந்தை மருத்துவர்கள் கூறும் வழி. அந்த வயதில் தாய்ப்பாலே போதும். வெயிலுக்காகத் தனியே தண்ணீர் புகட்ட வேண்டியதில்லை.

மாலைப் பொழுதுக்கும் ஒரு கணக்கு உண்டு. உயிர் காவலர்களின் முழுநேரக் கண்காணிப்பு காலை 7.30 மணிக்குத் தொடங்கி மாலை 6 மணியுடன் முடிகிறது. பின்னர் ரோந்து மட்டுமே. கோவாவில் டிசம்பரில் 6 மணியை ஒட்டிச் சூரியன் மறைகிறது. மே மாதத்தில் அதற்கு ஏறத்தாழ 7 மணி ஆகிவிடும். கதிரவன் கடலில் இறங்குவதைப் படம் பிடிக்கக் குடும்பங்கள் நீரோரம் திரளும் அந்த ஒரு மணி நேரத்தில் காவல் மேடைகள் காலியாக இருக்கும்.