ஆர்.சி.யில் ஏறாத இன்ஜினை வண்டியில் ஏற்றாதீர்கள்

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கத்திலேயே இருப்பதால், கவரைப்பேட்டை வட்டாரத்தில் லேத் வேலைக்கும் வெல்டிங்குக்கும் கைதேர்ந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. பழைய மஹிந்திரா ஜீப்பை வாங்கி, மேடு பள்ளம் ஏறும் வண்டியாக்க ஆசைப்படுபவர்கள் முதலில் கை வைப்பது இன்ஜினில்தான். ‘முதலில் மாட்டிவிடுவோம், ஆர்.டி.ஓ. வேலையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்’ என்ற நினைப்பில் இறங்கினால், போட்ட பணமும் போகும், வண்டியும் முடங்கும்.

சட்டம் சொல்வது

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆம் பிரிவுதான் இதற்கு அடிப்படை. உற்பத்தியாளர் முதலில் குறித்த விவரங்களுக்கு மாறாக, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது. கேரளத்திலிருந்து வந்த வழக்கொன்றில், 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. பழுதான இன்ஜினுக்குப் பதிலாக அதே நிறுவனத்தின் அதே வகை இன்ஜினைப் பொருத்தலாம். அதற்கும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் அனுமதி வேண்டும். மாற்றியதை 14 நாட்களுக்குள் தெரிவித்து ஆர்.சி.யில் பதிய வேண்டும். வண்டி தவணைக் கொள்முதலில் இருந்தால், பதிவு பெற்ற உரிமையாளரின் எழுத்துபூர்வமான சம்மதமும் தேவை.

மீறினால் 182ஏ(4) பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இந்தப் பிரிவு குறிவைப்பது வண்டியின் உரிமையாளரை. ‘எல்லாம் நாங்க பாத்துக்குறோம் சார்’ என்று பட்டறைக்காரர் சொன்னாலும், வழக்கு உங்கள் பெயரில்தான் வரும். இது மத்தியச் சட்டம் என்பதால் எளாவூர் சோதனைச்சாவடியைத் தாண்டி ஆந்திரத்துக்குள் போனாலும் இதே விதிதான்.

எந்த இன்ஜினைத் தேர்வது?

எம்.எம். 540 ஜீப்பில் வந்தது 2112 சி.சி. பெஜோ டீசல். பிற்காலத்துத் தார் சி.ஆர்.டி.இ.-யில் இருந்தது 2498 சி.சி., 105 குதிரைத்திறன். ‘ரெண்டும் மஹிந்திராதானே’ என்று இதை அதில் ஏற்ற நினைப்பவர்கள் பலர். கம்பெனி ஒன்றுதான், வகை வேறு. அனுமதி கிடைக்கும் என்று நம்பிச் செலவு செய்யாதீர்கள்.

தொழில்நுட்பச் சிக்கலும் சிறியதல்ல. சி.ஆர்.டி.இ. இன்ஜினுக்கு ஈ.சி.யு., சென்சார்கள், தனி வயரிங் எல்லாம் வேண்டும். பழைய கிளட்ச், கியர்பாக்ஸ், ஆக்சில் ஆகியவை அந்த இழுவிசைக்காகச் செய்யப்பட்டவை அல்ல. வேகம் கூடும்போது பழைய டிரம் பிரேக் அதற்கு ஈடுகொடுக்காது. இறக்கத்தில் உயிரைக் காப்பது பிரேக், இன்ஜின் அல்ல.

மேடு ஏறுவதற்கு வேண்டியது குறைந்த சுழற்சியில் கிடைக்கும் இழுவிசை. ஃபோர் வீல் லோ கியர் போட்டாலே அந்த இழுவிசை ஏறத்தாழ இரண்டரை மடங்காகிவிடும். எனவே இருக்கிற இன்ஜினையே ரீபோர் செய்து, பிஸ்டன் மாற்றி, இன்ஜெக்டரையும் டீசல் பம்பையும் காலிபரேஷன் செய்து, நல்ல டயர் போடுவதே முதல் தேர்வாக இருக்கட்டும். இன்ஜின் நம்பரும் மாறாது, சட்டச் சிக்கலும் வராது. இதற்கு முன்பே ஒன்றைப் பாருங்கள்: 15 ஆண்டுகள் கடந்த வண்டியின் ஆர்.சி. புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா?

பொறியியல் மாணவர்கள் போட்டிக்காகச் செய்யும் ஆஃப்-ரோடு வண்டிகள் பதிவு இல்லாதவை. அவற்றை வளாகத்துக்குள் மட்டுமே ஓட்டலாம். ஜி.என்.டி. சாலை வழியே கொண்டுபோவதானால் லாரியில் ஏற்றித்தான் போக வேண்டும்.

பழைய இன்ஜின் வாங்கும்போது

புதுப்பேட்டையில் வாங்கினாலும் உள்ளூரில் வாங்கினாலும், பிளாக்கில் நம்பர் அடித்த இடத்தை டீசல் போட்டுத் துடைத்து, டார்ச் அடித்துப் பாருங்கள். சுற்றிலும் துருவும் பழைய பெயின்டும் இருக்க, அந்த இடம் மட்டும் கிரைண்டர் பட்டதுபோல் பளபளத்தாலோ, எண்கள் ஏறி இறங்கி நின்றாலோ வாங்காதீர்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கினால், பாரதிய நியாய சன்ஹிதா 317-ஆம் பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை. இன்ஜின் நம்பர் எழுதிய பில், அது முன்பு இருந்த வண்டியின் ஆர்.சி. நகல் இரண்டும் இல்லாமல் பணம் கொடுக்க வேண்டாம்.

ஏமாற்றப்பட்டால் என்ன வழி?

ஆர்.டி.ஓ. அனுமதி மறுத்தால், எழுத்துபூர்வமான உத்தரவைக் கேட்டு வாங்குங்கள். அது கிடைத்த 30 நாட்களுக்குள் மோட்டார் வாகனச் சட்டத்தின் 57-ஆம் பிரிவின்படி மேல்முறையீடு செய்யலாம்.

பட்டறையோ விற்பனையாளரோ ஏமாற்றினால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். தீராவிட்டால் திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் 2 ஆண்டுகளுக்குள் புகார் தரலாம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை. பில், வாட்ஸ்அப் உரையாடல், பணம் அனுப்பிய ரசீது, வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள் ஆகியவைதான் உங்கள் சாட்சி.

இன்ஜின் மாறியதும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுதித் தெரிவியுங்கள். பாலிசியில் ஒரு நம்பரும் வண்டியில் வேறு நம்பரும் இருந்தால், விபத்துக்குப் பின் சொந்தச் சேத இழப்பீடு சிக்கலாகும். முறையாகப் பதிந்தும் நிறுவனம் மறுத்தால், மறுத்த ஓராண்டுக்குள் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 50 லட்சம் ரூபாய் வரையிலான கோரிக்கைகளை அங்கே விசாரிப்பார்கள். கட்டணமும் கிடையாது, வக்கீலும் வேண்டாம்.

பட்டறை நடத்தும் அண்ணன்மாருக்கும் ஒரு வேண்டுகோள்: அனுமதிக் கடிதத்தைக் காட்டாதவரின் வண்டியில் இன்ஜினை இறக்க ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒரு வேலை கைவிட்டுப் போகலாம். ஆனால் ஒரு குடும்பம் வழக்கு, விபத்து என்று அலையாமல் தப்பிக்கும்.